ஃபூட்ஸ்கிரேயில் ஒரு கிராம சபை

தான் பிறக்காத ஊருக்காக அன்னந்தண்ணி இல்லாமல் கிடந்த மனிதர் என்று உலகத்தில் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் எங்கள் மேயர் அண்ணை.

எழுபதுகளில் மெல்பேர்னில், ஃபூட்ஸ்கிரே பக்கம் ஒரு வாடகை வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் நாலு பேர் இருந்தோம். அண்ணைதான் மூத்தவர். இங்கே வருமுன் ஜேர்மனியில் ஒரு குக்கிராமத்து மர ஆலையில் வேலை பார்த்தவர். பிறந்த பருத்தித்துறையைப் பற்றிக் கேட்டால், “கடல் இருக்கு” என்பார். அந்தக் குக்கிராமத்தைப் பற்றிக் கேட்டால், கேட்டவர் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது.

முந்நூறு வருடத்துக்கு முன் போரில் ஊர் எரிந்ததாம். திரும்பி வந்த சனம் கூரை போடுமுன்னே மேயரைத் தெரிவு செய்ததாம். மேயர் மாடு கறந்த கையோடு வந்து முத்திரை குத்துவாராம். சபை கூடுவது பியர் விற்கும் தவறணையிலாம். சனிக்கிழமை தெருக் கூட்டும் முறை எந்த வீட்டுக்கோ, அந்தக் கதவில் ஒரு பலகை தொங்குமாம்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் குசினியிலும் அண்ணை தலைமையில் சபை கூடியது; மேயர் என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. எங்கள் அறைக் கதவுகளிலும் முறைவைத்துப் பலகை தொங்கியது. எங்களில் ஒருவனான சிவம் பருப்பைக் கருக்கிய அன்று அவசரக் கூட்டம்.

“கருகின பருப்புக்கும் கூட்டமோ அண்ணை?”

“ஓம். தீ சம்பந்தப்பட்ட விசயம். அங்கை எண்டால் தீயணைப்புத் தலைவரும் வந்திருப்பார்.”

“வந்தால் அவருக்கும் நானோ சமைக்கிறது?” என்றான் சிவம்.

ஒருநாள், மெல்பேர்னில் அண்ணையோடு வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் தன் ஊருக்குப் போய் வந்து ஒரு செய்தி சொன்னார். சின்னக் கிராமங்களை அரசாங்கம் பக்கத்துப் பட்டணங்களோடு சேர்க்கிறதாம். அண்ணையின் கிராமத்துக்கு இனி மேயருமில்லை, சபையுமில்லை.

அண்ணை படுத்துவிட்டார். வெள்ளி சாப்பாடில்லை. சனியும் இல்லை. அந்த வாரம் பலகை அவர் கதவில்தான் தொங்கியது. தெருக் கூட்டும் தும்புத்தடி மூலையிலேயே நின்றது. எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது.

சபையென்றாலே எரிந்து விழும் சிவம்தான், அண்ணைக்குக் கேட்கும்படி குசினியில் சபையைக் கூட்டினான்.

“அந்தக் கிராமத்தை எங்கட வீட்டோட சேர்க்க வேணும் எண்டு முன்மொழியிறன்.”

அறைக்குள்ளிருந்து அண்ணையின் குரல் வந்தது. “ஏலாது. எல்லை தொட வேணும்.”

“அப்ப நடுவிலை கிடக்கிற கடலையும் சேர்ப்பம் அண்ணை.”

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு கதவு திறந்தது. இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார்.

“ஆர் வழிமொழியிறது?”

நான் கை தூக்கினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அண்ணை கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டார். பிறகு தும்புத்தடியோடு தெருவுக்கு இறங்கினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டேன். மனமாரக் கை தூக்கியது அந்தக் குசினியில் மட்டும்தான்.