வெள்ளி ராஜாவின் காதுக்குக் கீழே

காரிமங்கலம் சந்தையில் அன்றைக்குத் தக்காளிக்கு விலை கேட்கக்கூட ஆள் இல்லை. கூட்டமெல்லாம் சந்தைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நெரிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு ராஜா அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

ராஜாவின் உயரம் கட்டைவிரல் நகம் அளவு. சொந்த ஊர் ரோமாபுரி. செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. ஆனாலும் தர்மபுரி மாவட்டத்தில் யார் போர்வெல்லில் தண்ணீர் வரும், யார் பையனுக்கு ஓசூரில் வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாம்.

ராஜா ஒரு வெள்ளிக் காசில் குடியிருந்தார். காசு கலைவாணன் சாமியின் உள்ளங்கையில் குடியிருந்தது. போன வருஷம் வரை சாமி என்ன வேலை பார்த்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. காவி கட்டியவரிடம் பயோடேட்டா கேட்பது பாவம் அல்லவா?

அற்புதம் இதுதான். காசின் மேல் சாமி சின்ன ஐஸ் துண்டை வைப்பார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியிலும் ஒன்று வைப்பார். மூடியில் இருப்பது அப்படியே கிடக்கும். காசின் மேல் இருப்பது கண்ணெதிரே கரையும்.

"ராஜாவோட உக்கிரம்!" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

காகிதப் பணத்தை ராஜா தொடமாட்டார். வெள்ளி ராஜாவுக்குக் காணிக்கையும் வெள்ளிதான். கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ், எதுவானாலும் சரி. பதிலுக்குச் சிவப்புப் பட்டுப் பையில் தைத்து ஒரு ராஜா காசு கிடைக்கும். "இது உன் ஜாதகத்துக்குன்னே வந்தது. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. இன்னொருத்தர் கண்ணு பட்டா ராஜா முகத்தைத் திருப்பிக்குவாரு. யாருக்கும் காட்டாதே" என்று சாமி காதோடு சொல்வார்.

வரிசையில் நஞ்சம்மாள் நின்றாள். கூடவே மருமகள் சசிகலா.

"அத்தை, அந்தக் காப்பையா குடுக்கப் போறீங்க?"

"போர்வெல்லு வத்திக் கெடக்குது. தக்காளிச் செடி கருகுது. காப்பைக் கால்ல போட்டுக்கிட்டு நான் எங்க ஆடப் போறேன்?"

அது கல்யாணத்தில் போட்ட வெள்ளிக் கால் காப்பு. மழையையே பார்க்காத வருஷத்திலும் அடகுக் கடைப் படி ஏறாதது. கழற்றும்போதே நஞ்சம்மாள் கண் கலங்குவாள் என்பது சசிகலாவுக்குத் தெரியும்.

சசிகலாவுக்கு இன்னொன்றும் தெரியும். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவளுக்கு ரோமானிய வெள்ளிக் காசு என்றால் உயிர். நெக்லஸுக்குச் சேர்த்த பணத்தில் ஏலத்தில் திபேரியஸ் பேரரசரை எடுத்தவள். "எவனோ ஒரு கெழவன் தலையை வாங்கிட்டு வந்திருக்கா" என்று புருஷன் இன்னும் சொல்லிக்காட்டுகிறான். நக அளவு இடத்தில் மூக்கின் வளைவையும் தலையில் சூடிய இலைகளையும் செதுக்கியவனின் கையை நினைத்தால் அவளுக்கு இன்றும் சிலிர்க்கும்.

நேற்று நஞ்சம்மாளின் தங்கை ராமக்காளின் பட்டுப் பை, துணி துவைக்கும்போது பிரிந்துவிட்டது. உருண்டு வந்த காசை சசிகலா பார்த்துவிட்டாள். ராஜா முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் காதுக்குக் கீழே ஒரு பள்ளமும், பின்கழுத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு வெடிப்பும் இருந்தன.

இப்போது சாமியின் காசை நெருங்கி நின்று பார்த்தாள். அதே பள்ளம். அதே வெடிப்பு.

நஞ்சம்மாள் குனிந்து காப்பில் கை வைத்தாள்.

"அத்தை, கொஞ்சம் இருங்க." சசிகலா சாமியின் பக்கத்திலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்துக் காப்பின் மேலேயே வைத்தாள். அது கடகடவென்று கரைந்து பாதத்தில் ஒழுகியது.

"வெள்ளி டம்ளர்ல காப்பி ஊத்துனா கையில பிடிக்க முடியுதாங்க? வெள்ளி சூட்டை அவ்வளவு வேகமாக் கடத்தும். உங்க ஒடம்புச் சூடுதான் அத்தை ஐஸை உருக்குது. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. அதான் அங்க உருகல."

சாமி அசரவில்லை. "பாத்தீங்களா? அந்தம்மா காப்புலயும் ராஜா எறங்கிட்டாரு!"

கூட்டம் நஞ்சம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

விளக்கம் சொன்னால் கேட்க மாட்டார்கள்; சாமியாடினால் கேட்பார்கள். சசிகலாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடி லேசாக ஆடினாள்.

"ஏற்கெனவே பை வாங்குனவங்க யாரு? பையைத் தொடாம நான் சொல்றேன். உங்க ராஜாவுக்குக் காதுக்குக் கீழ ஒரு பள்ளம். பின்கழுத்துக்கு நேரா ஒரு வெடிப்பு. நீங்க மட்டும் பிரிச்சுப் பாருங்க. யாருக்கும் காட்ட வேணாம்."

மாட்டு வியாபாரி கருப்பண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் பையைப் பிரித்தார்.

"அட, இருக்குதுங்க."

"எனக்கும் இருக்குது."

"எனக்குந்தான்."

ஒவ்வொரு மூலையிலிருந்தும் அதே பதில். பிறகு கருப்பண்ணன் மெதுவாகத் திரும்பினார். "ஏங்க சாமி, என்னோடது ஒண்ணே ஒண்ணுன்னீங்களே?"

"ராஜா ஒருத்தர்தான். அவதாரம் பல."

வாசலில் மீன் கடை போட்டிருந்த லூர்து மேரி சும்மா இருக்கவில்லை. சாமிக்கு ஐஸ் கொடுப்பவளே அவள்தான். "அப்ப அத்தனை அவதாரத்துக்கும் ஒரே எடத்துலயா அடிபட்டுச்சு?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது.

சசிகலா ஆட்டத்தை நிறுத்தினாள். "அந்தக் காலத்துக் காசு தோசை மாதிரிங்க. ஒண்ணொண்ணா வச்சுச் சுத்தியல்ல அடிச்சது. ஒரே கை சுட்டாலும் ரெண்டு தோசைக்கு ஓரம் ஒண்ணா வராது. இது இட்லி. ஒரு பழைய காசை அழுத்தி அச்சு எடுத்து, ஈயத்தை உருக்கி ஊத்தியிருக்காரு. குழியில நசுங்கல் இருந்தா வேகுற இட்லிக்கெல்லாம் அதே நசுங்கல்தான். இதை நீங்க கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னுதான் யாருக்கும் காட்டாதேன்னாரு."

சாமிக்கு அவசரமாகப் போன் வந்தது. காதில் வைத்தபடியே நழுவினார். வாசலை மறித்து லூர்து மேரி மீன் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஊருக்குக் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். கொலுசெல்லாம் பத்திரமாக இருந்தது. "ஈயத்தைக் குடுத்து வெள்ளியை வாங்கற சாமி, நல்ல சாமிடா" என்றபடி கருப்பண்ணன் தன் பேத்தியின் கொலுசைத் தேடி எடுத்தார்.

போலீஸ் வந்தது. சாமியோடு அச்சுக்கு மூலமாக இருந்த காசும் ஜீப்பில் ஏறியது. அது மட்டும் அசல். சசிகலா ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாயிரம் வருஷம் கழித்து ராஜா முதல்முறையாக ஸ்டேஷனுக்குப் போனார்.

நஞ்சம்மாள் குனிந்து, காலில் இருந்த காப்பை முந்தானையால் துடைத்தாள். "காப்பு சில்லுனு இருக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கருப்பண்ணன் பயபக்தியோடு கைகட்டி சசிகலா முன்னால் வந்து நின்றார்.

"பையைத் தொடாமயே உள்ள இருக்கறதைச் சொன்னீங்க. அப்படியே என் காட்டுல எங்க தோண்டுனா தண்ணி வரும்னும் சொல்லிருங்கம்மா."

அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

சசிகலா லூர்து மேரியிடம் ஒரு பிடி ஐஸ் வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது உருகி முடியற வரைக்கும் நான் எப்படிச் சொன்னேன்னு நீங்களே யோசிங்கண்ணா."

ஐஸ் வேகமாகத்தான் உருகியது. கருப்பண்ணனின் நெற்றிச் சுருக்கம் விரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரிந்ததும் அவரே திரும்பி வரிசையைக் கலைத்துவிட்டார்.

காசைப் பட்டுப் பையில் வைத்துத் தைக்க ஒரு சாமி வந்தார். நம் மூளையை மட்டும் யாரும் தைத்துத் தரவில்லை, நாமாகவே தைத்துக்கொண்டோம். பிரித்து வெளியே எடுங்கள் ஐயா. நாலு பேர் கண் பட்டால் அது ஒன்றும் கெட்டுப்போகாது.