உயரம் பார்த்து எடுத்த நாற்று

நாற்றங்காலில் இன்ச் டேப்போடு உட்கார்ந்திருந்தார் உதயசூரியன். பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் ஆளெடுப்பைப் பார்த்தவர். நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில், பட்டாளத்தாருக்கென்று சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் நடவுக்கும் அதே சட்டம்தான். உயரம் இருந்தால் பாஸ். குட்டை என்றால் மாட்டுக்கு.

"மெலிஞ்சு வெளிறிக் கிடக்கு. இதையா நடப்போறீங்க?" என்றாள் மனைவி மங்கையர்க்கரசி.

"பட்டாளத்துல சேரும்போது நானும் இப்படித்தான் இருந்தேன். சாப்பாடு போட்டா தேறிடும்."

யூரியா போட்டார். தேறவில்லை, இன்னும் நெடுநெடுவென்று போனது. காற்றடித்ததும் சாய்ந்தது. மூங்கில் குச்சி நட்டு, ஒவ்வொரு பயிர்க் குத்தையும் அட்டென்ஷனில் நிறுத்திக் கட்டினார். நாற்று போதாமல் குட்டையும் கலந்து நட்ட ஒரு மூலையில் மட்டும் பயிர் அடக்கமாக நின்றது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. நெட்டைகளின் காலடி மண்ணை அள்ளி அங்கேயும் போட்டார். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

முதல் போகம் தேறாது என்று சோதிக்க வரும் ஆபீசர் எழுதிவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். ஊரில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டுக் கப்பலேறியவர்கள். பயத்தில் மங்கையர்க்கரசிக்குச் சோறு இறங்கவில்லை.

விவசாய ஆபீசர் பக்தவத்சலம் வந்தார், கூடவே பியூன் சேக் தாவூத். உதயசூரியன் சல்யூட் அடித்தார். ஆபீசர் ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இது வளர்ச்சி இல்லய்யா, வியாதி. விதையிலயும் மண்ணுலயும் ஒரு பூஞ்சை இருக்கு. அது ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது ஏறின பயிர் தலைகால் தெரியாம வளரும், கதிர் ஒழுங்கா வைக்காது."

உதயசூரியன் இன்ச் டேப்பைச் சுருட்டினார்.

"அப்போ நோயாளி யாரு சார்? வளர்ந்தவனா, வளராதவனா?"

"வளர்ந்தவன்."

"வளராதவனை மாட்டுக்குப் போட்டுட்டேனே சார்."

"நல்ல பயிரையா?"

"மிச்சம் இருந்ததுக்கும் வளர்ந்தவன் காலடி மண்ணைப் போட்டுட்டேன்."

ஆபீசர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நோட்டை எடுத்து, 'விவசாயத்துக்கு லாயக்கில்லாத ஆள்' என்று எழுத ஆரம்பித்தார்.

"எங்களுக்கு வேற போக்கிடம் இல்லீங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? உயரத்தைப் பார்த்து நெல்லைப் பொறுக்குவானா ஒருத்தன்? மூளை இருக்கிறவன் செய்ற வேலையா இது?"

சேக் தாவூத் மெதுவாகக் கனைத்தார்.

"சாப், இவருக்குக் கொடுத்த சர்க்கார் விதை மூட்டையில 'நெட்டைப் பயிராப் பார்த்துப் பொறுக்கினது'ன்னு எழுதி, நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"