பால்தெமார் கரண்டி பிடித்த நாள்

“இருபத்திரண்டு வருஷமா இந்த அடுப்புல நான் வேகறேன். வாசல்ல என் கார் வெயில்ல வேகுது. உன் துருப்பிடிச்ச படகு எஞ்சின் நாலும் கராஜ் நிழல்ல காலை நீட்டிப் படுத்திருக்கு. இந்த வீட்டுல நான் எஞ்சினாப் பொறந்திருக்கணும்!”

ஓர் எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டென்ச்சா இப்படியேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, சோளரொட்டி சுடும் கல்லை அடுப்பில் ‘ணங்’கென்று வைத்தாள். வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி அதுதான்.

அவள் புருஷன் பால்தெமார் கார்சா காபியை உறிஞ்சினான். எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. வாரத்தில் பாதி நாள் பகலில் தூங்குவான், மீதி நாள் பகலில் கொட்டாவி விடுவான். ஒழிந்த நேரமெல்லாம் அந்த நாலு எஞ்சின்களுக்குத்தான். அவற்றில் ஒன்றுகூட ஓடாது. ஓடக்கூடியதாக இருந்தால் டென்ச்சாவின் வாய்க்குப் பயந்து என்றைக்கோ ராப்ஸ்டவுன் ஊரை விட்டே ஓடியிருக்கும்.

“சனிக்கிழமை பங்குக் கோயில்ல பழைய சாமான் விற்பனை. நாலையும் குடுத்துடப் போறேன், கிழவா” என்றாள் டென்ச்சா.

அந்த ஊரில் பெண்டாட்டி புருஷனைச் செல்லமாகக் கூப்பிட்டாலும் கிழவா, கழுத்தை நெரிக்கக் கூப்பிட்டாலும் கிழவா. எது எது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது இரண்டாவது ரகம்.

சனிக்கிழமை! பால்தெமார் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். சனிக்கிழமை விடியற்காலை பக்கத்து வீட்டு டாயிலின் படகில் அவன் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று மாதமாகக் காத்திருந்த மீன்பிடிப்பு. அவன் நடுக்கடலில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும்போது இங்கே கராஜ் காலியாகிவிடும்.

மனிதனுக்கு வீரம் வரக் கூடாத நேரத்தில்தான் வரும். வந்தது.

“அடுப்புல வேகறேன், வேகறேன்னு சும்மா சொல்லாதே. சமைக்கறது என்ன மலையைப் புரட்டற வேலையா? ஒரே சட்டி. அரை மணி நேரம். நான் செஞ்சு காட்டட்டுமா?”

டென்ச்சா ரொட்டியைத் திருப்புவதை நிறுத்தினாள். அவர்களுடைய மகள் யெசேனியா, பதினாறு வயது, போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அந்தப் பெண் போனிலிருந்து தலையை நிமிர்த்தினால் ஊரில் ஏதோ இடிந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

“நீயா?”

“நானேதான். நான் செய்யற ராத்திரிச் சாப்பாட்டை நீயும் இவளும் தட்டைக் காலி பண்ணிட்டா, கராஜ் பக்கம் நீ ஆயுசுக்கும் வரக் கூடாது. நான் கடலுக்குப் போவேன்.”

“காலி பண்ணலைன்னா?”

“நாலு எஞ்சினையும் என் முதுகுல சுமந்துக்கிட்டு வந்து கோயில் வாசல்ல வைக்கறேன்.”

“சரி.”

இவ்வளவு சுலபமாக ‘சரி’ வந்ததும் பால்தெமாரைச் சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. சர்வதேச ஒப்பந்தம் மாதிரி நிபந்தனைகளை அடுக்கினான்.

“உப்பில்ல, காரமில்லன்னு பிகு பண்ணக் கூடாது.”

“பண்ண மாட்டேன்.”

“நான் சமைக்கும்போது இதைப் போடு, அதைப் போடாதேன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீ மட்டுமில்ல, இவளும்தான்.”

“வாயே திறக்க மாட்டோம்.”

“வேணும்னே பட்டினி கிடக்கக் கூடாது.”

“நியாயமான காரணம் இல்லாம தட்டை ஒதுக்க மாட்டேன். போதுமா? எந்த நாள்ங்கறதை மட்டும் நான் சொல்றேன். இந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை.”

பால்தெமார் காலண்டரைப் பார்த்தான். வெள்ளி அவனுக்கு விடுமுறை. மறுநாள்தான் கடல். அந்தக் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு மீன் படம்கூட அச்சாகியிருந்தது. தூண்டில்காரர்களுக்குத் தெரியும், மீன் நன்றாகக் கடிக்கும் நாளுக்குக் காலண்டரில் மீன் போட்டிருப்பார்கள். பார்த்தால் அந்த மாதத்து வெள்ளிக்கிழமை எல்லாவற்றிலும் மீன்! இந்த வருஷம் கடலில் அமோகம்தான் என்று பூரித்துப் போய், மீனின் மேலேயே சிவப்புப் பேனாவால் ‘6.30 பந்தயம்’ என்று எழுதி வட்டமும் போட்டான்.

சமையல் குறிப்புக்கு வேலியோரம் போய் நின்றான். டாயில் ஸ்காகின்ஸ் பாப்டிஸ்ட் சபைக்காரர். சாப்பாடு என்று வந்துவிட்டால் எல்லாச் சபைக்கும் பொதுவானவர்.

“வார்ப்பிரும்பு வாணலி நல்லாக் காயணும், கூட்டாளி. மாட்டுக் கொத்துக்கறியைப் போட்டுட்டு, சிவக்கற வரைக்கும் அதைச் சீண்டாதே.”

“சீண்டாம எப்படிச் சமைக்கறது?”

“உன் பொண்டாட்டி கோவமா இருக்கும்போது என்ன பண்ணுவே? அதே மாதிரி ஒதுங்கி நில்லு. அப்புறம் வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், மிளகாய்த்தூள், சீரகத்தூள். ஒரு டின் தக்காளி, கறி வேகவெச்ச சாறு. மக்ரோனியை அதுலயே கொட்டி மூடு. தனியா வேகவெச்சு வடிச்சேன்னு தெரிஞ்சுது, படகுல ஏத்த மாட்டேன். கடைசியில சீஸ். எவ்வளவுன்னு கேக்காதே. போதும்னு தோணும் பாரு, அப்புறம் இன்னும் அவ்வளவு.”

வியாழக்கிழமை பூராவும் பால்தெமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவள் என்ன செய்வாள்? மிளகாய்த்தூளை ஒளித்து வைப்பாளா? உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டுவாளா? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு எதிரியின் பலம் தெரியாதா! மசாலா எல்லாவற்றையும் தனியாக வாங்கி வந்து கருவிப்பெட்டியில், ஸ்பானருக்கு அடியில் பூட்டி வைத்தான். வாணலியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினான்.

டென்ச்சா ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனால் கறிப் பகுதியில் ஈ காக்கை இல்லை. வெட்டுகிறவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மீன் பகுதியில் ரொட்டி அலமாரி வரைக்கும் வரிசை. தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு இரண்டு பவுண்டு கொத்துக்கறி வாங்கினான். கல்லாவில் இருந்த சாபேலா அம்மாள் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கேதான். ஆறரைக்கு.”

“வீட்டுல தெரியுமா?”

“நாளைக் குறிச்சதே அவதான்.”

சாபேலா அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ‘என் சமையல் பெருமை கடைத்தெரு வரைக்கும் வந்துடுச்சு’ என்று அவன் முறைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

ஐந்தே முக்காலுக்கு அடுப்பைப் பற்ற வைத்தான். டென்ச்சா அடுப்படி மேஜையில் உட்கார்ந்து நகத்தை ராவிக்கொண்டிருந்தாள். கறி வாணலியில் விழுந்து ‘சொய்ங்’ என்றது. அவள் ராவிக்கொண்டிருந்தாள். வெங்காயம் வெட்டி அவன் கண்ணீர் விட்டான். அவள் அடுத்த விரலுக்குப் போனாள். சீரகத்தூளும் மிளகாயும் சேர்ந்து வீடெல்லாம் மணந்தது. அவள் நகத்தை ஊதினாள்.

“என்ன, பேசாம இருக்கே?”

அவள் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். நிபந்தனையாம்.

உள்ளே வந்த யெசேனியா மூக்கை உறிஞ்சினாள். கண் விரிந்தது. “அப்பா, இன்னிக்கு...”

“யெசேனியா!” டென்ச்சாவின் குரல் தேனாக ஒழுகியது. “அப்பா சமையல்ல இருக்கார். யாரும் யோசனை சொல்லக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கோம்.”

பெண் அம்மாவைப் பார்த்தது. அம்மா பெண்ணைப் பார்த்தாள். பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பால்தெமாருக்கு வியர்த்தது. எங்கே கோட்டை விட்டோம்? உப்பை நக்கிப் பார்த்தான். உப்புதான். மக்ரோனிப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தான். கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடும், கைக்கடிகாரத்தைப் போனோடும் ஒப்பிட்டான். மூடியைத் திறந்து ஒரு கரண்டி ருசி பார்த்தான். நன்றாக இருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு கரண்டி. அதுவும் நன்றாக இருந்தது. நாலாவது கரண்டியில்தான் நம்பிக்கை வந்தது.

சீஸைத் துருவித் துருவிக் கொட்டினான். வாணலிக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக உருகி, குமிழ் விட்டு, ஓரத்தில் முறுகியது. மேலே கொத்தமல்லித்தழையைத் தூவினான். ஆறு இருபத்தெட்டு. மூன்று தட்டுகளிலும் பரிமாறினான். கரண்டியைத் தூக்கினால் சீஸ் கூடவே முழ நீளத்துக்கு எழுந்து வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அற்புதமான சாப்பாடு. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உலகத்தில் புருஷர்கள் செய்யும் காரியம் எல்லாமே மோசமாக இருப்பதில்லை.

மூவரும் உட்கார்ந்தார்கள். ஜெபம் சொன்னார்கள். டென்ச்சா முள்கரண்டியை எடுத்தாள். பால்தெமார் மூச்சை நிறுத்தினான். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கிழவா, இன்னிக்கு என்ன கிழமை?”

“நீ சொன்ன கிழமைதான். வெள்ளி.”

“என்ன வெள்ளி?”

“வெள்ளின்னா வெள்ளி. அதுல என்ன...”

“தவக்காலத்து மூணாவது வெள்ளி. மீன் தவிர வேற கறி தொடக் கூடாத சுத்தபோசன நாள். மாட்டுக்கறியைப் பரிமாறிட்டு ஜெபம் வேற சொல்றே! கோயில் காலண்டர்ல ஒவ்வொரு வெள்ளிக்கும் மீன் போட்டிருக்கானே, எதுக்குன்னு நெனச்சே?”

பால்தெமார் காலண்டரைப் பார்த்தான். அவன் போட்ட சிவப்பு வட்டத்துக்குள்ளிருந்து மீன் அவனைப் பார்த்தது.

“எனக்கு... தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன் அன்னிக்கு இரட்டை ஷிப்ட்...”

“போன ரெண்டு வெள்ளியும்?”

“சாயங்கால ஷிப்ட். ஆலை கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேன்.”

“கேன்டீன்ல என்ன சாப்பிட்டே?”

ஹாம்பர்கர் என்று சொல்லக்கூடிய சூழ்நிலை அங்கே இல்லை.

“கறியைப் பொறுக்கி எடுத்துடறேன்!” என்று பாய்ந்து ஒரு ஸ்பூனை எடுத்தான். கொத்துக்கறியைப் பொறுக்குவதும் கடற்கரையில் சர்க்கரையைப் பொறுக்குவதும் ஒன்று. ஒவ்வொரு மக்ரோனிக் குழாய்க்குள்ளும் ஒரு துணுக்குக் குடி புகுந்து, சீஸால் கதவையும் பூசிக்கொண்டிருந்தது. ஊதிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். யெசேனியா மேஜையில் கவிழ்ந்து குலுங்கினாள்.

“நீ வேணும்னே இந்த நாளைக் குறிச்சே!”

“நாளைத்தான் நான் குறிச்சேன். கறியை யார் குறிச்சது? இறால் போட்டிருக்கலாம். வெறும் சீஸ் போட்டிருந்தா ரெண்டு தட்டு சாப்பிட்டிருப்பேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டென்ச்சா!”

“சமைக்கும்போது வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? உன் பொண்ணு சொல்ல வந்தா. நான்தான் உன் நிபந்தனையைக் காப்பாத்தினேன்.” அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். “பங்குச் சாமியாருக்கு, பந்தயம் கட்டின அன்னிக்கே போன் பண்ணிட்டேன். நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி வரும். தூக்க ஆள் வேண்டாம், வீட்டுலயே ஒருத்தர் சும்மாதான் இருப்பார்னு சொல்லிட்டேன். ருசி பாக்கறேன்னு நாலு கரண்டி உள்ளே தள்ளினியே, நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். எஞ்சினை இறக்கிட்டு அப்படியே சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடு.”

கொல்லைக் கதவு திறந்தது. வாசனை பிடித்து வேலி தாண்டி வந்த டாயில், சட்டைப் பையில் சொந்த முள்கரண்டியோடு நின்றார்.

“என்ன, மூணு தட்டும் அப்படியே இருக்கு?”

விஷயத்தைக் கேட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து உண்மையாகவே துக்கப்பட்டார். பாப்டிஸ்டுகளுக்கு அந்தக் கறித் தடை கிடையாது; பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் தட்டைப் பக்கத்தில் நகர்த்தினார்.

“அருமை, கூட்டாளி! என் வீட்டுக்காரி செய்யறதைவிட ஒரு படி மேல. ஆமா, நாளைக்கு நீ வரலைன்னா என் மச்சினனைக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா? உன் தூண்டிலைக் கொஞ்சம் குடேன், அவன்கிட்ட நல்லது இல்லை.”

பால்தெமார் தூண்டில் இருக்கும் மூலையைக் கையால் காட்டினான். வயிறு கபகபவென்றது. அவன் கையாலேயே சமைத்தது, அவன் கண்ணெதிரே, இன்னொருவர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் தொடக் கூடாது. வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஏப்ரனோடு ஓடினான்.

“எங்க போறீங்க?”

“கோயில் ஹால்ல மீன் வறுவல் விருந்து, அப்பா!” யெசேனியா ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். “அம்மா செவ்வாய்க்கிழமையே ரெண்டு டிக்கெட் வாங்கிட்டா!”

கார் பின்னுக்கு வந்து தெருவில் இறங்கியது. பால்தெமார் கரண்டியை ஆட்டிக்கொண்டு தெருமுனை வரை பின்னாலேயே ஓடினான். கூப்பிட்டான். கார் நிற்கவில்லை. கையை வாயில் குவித்து இன்னும் உரக்கக் கூப்பிட்டான். திருப்பத்தில் பின்விளக்குகள் மறைந்தன.

“டென்ச்சா! எனக்கு ஒரே ஒரு துண்டு மீனாவது கட்டி வாங்கிட்டு வாயேன்!”