நாமக்கல் வெயிலுக்கு ஒரு ஃபயர்பிளேஸ்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அறிவு கொஞ்சம் கம்மி. வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன், நானே சொல்லிக்கொண்டால் குற்றமில்லை. கத்திரி வெயிலில் தார் ரோடு இளகுகிற ஊரில், எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் குளிர் காய ஓர் அடுப்பு இருந்தது. அதைக் கோடைக்கு ஏற்ற மாதிரி ஜோடிக்கிறேன் என்று கிளம்பினவள் நான். இதற்கு மேல் சாட்சி எதுவும் வேண்டியதில்லை.

அடுப்பைக் கட்டினது நான் இல்லை. அந்தப் பெருமை முழுக்க என் வீட்டுக்காரருக்கு. போர்வெல் தோண்டுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார், வருஷத்தில் பாதி நாள் வடக்கேதான் வேலை. ஏதோ ஒரு மலை ஊர் விடுதியில் ஃபயர்பிளேஸ் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாராம். அந்தச் சுகம் மறக்கவே இல்லையாம். நாமக்கல்லுக்கு வந்து புது வீடு கட்டும்போது, கூடத்துச் சுவரில் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கொத்தனார் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுல எத்தன பேருக்குங்க சோறாக்கோணும்?”

“சோறாக்க இல்லீங்க மேஸ்திரி. குளுர் காயறதுக்கு.”

கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து முகம், கழுத்து, முதுகு எல்லாவற்றையும் துடைத்துப் பிழிந்துவிட்டு, “சரிங்க” என்றார். அவர் மரியாதை தெரிந்த மனுஷர்.

ஆக, செங்கல் வைத்து வளைவாக ஒரு பொந்து, அதற்கு மேலே தேக்குப் பலகை. அந்தப் பலகைக்கு மேண்டில் என்று பேராம். கட்டி முடித்து ஒரு நாள்கூட அதில் தீ மூட்டவில்லை. என் மாமியார் மட்டும்தான் அதைப் புத்தியாகப் பயன்படுத்தினார். பலகையில் ரேஷன் கார்டு, மூக்குக் கண்ணாடி, கரண்டு பில். பொந்துக்குள் காற்றோட்டமாக இருக்கும் என்று சின்ன வெங்காயம். அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

அந்தச் சித்திரையில் என் நாத்தனார் கோகிலாவுக்கு மோகனூர்ப் பக்கம் ஓர் இடம் அமைந்தது. இரண்டு வருஷமாக இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாதகம் பொருந்தினால் பையனைப் பிடிக்காது, பையனைப் பிடித்தால் ஜாதகம் உதைக்கும். கோகிலா தானாக வாயைத் திறந்து “சரி” என்று சொன்ன முதல் மாப்பிள்ளை இவர்தான். கரும்புத் தோட்டமுள்ள குடும்பம், பையனும் தங்கமானவர். உறுதி வார்த்தைக்கு நாள் குறித்தாயிற்று. அதாவது இரண்டு குடும்பமும் உட்கார்ந்து, தட்டு மாற்றி, இன்னாருக்கு இன்னார் என்று பேசி முடிக்கிற நாள். “இதும் தட்டிப்போச்சுன்னா இனி ஒருத்தன் முன்னாலயும் நான் காப்பித் தட்டோட வந்து நிக்க மாட்டேன்” என்று கோகிலா முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு ரசம்கூட வைக்க விடமாட்டார் என் மாமியார். நான் யார் என்று காட்ட இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. (தோன்றினபோதே ஒருவர் என் வாயில் துணியை அடைத்து உட்கார வைத்திருக்கலாம்.)

“அத்தை, கூடத்தை எங்கிட்ட உடுங்க. சோடிச்சு அசத்திப்புடறேன்.”

“அசத்தவெல்லாம் வேண்டாஞ் சாமி. கெடுக்காம இருந்தாப் போதும்” என்றார்.

போனில் ஒரு வெள்ளைக்காரம்மாவின் வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தேன். கோடைக்கு மேண்டிலை எப்படி ஜோடிப்பது என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே சொல்லித் தருகிறது. பலகைமேல் வெளிச்சமான நிறத்தில் துணி விரிக்க வேண்டும். பச்சை இலைகளைச் சரமாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். கடலை நினைவுபடுத்துகிற மாதிரி சிப்பி, சங்கு ஏதாவது. கோடையில் தீ மூட்டப் போவதில்லை என்பதால் பொந்துக்குள் ஒரு ஜாடியில் தண்ணீரும் பூவும். நடுநாயகமாக ஒரு நிலைக்கண்ணாடி. முக்கியமாக, இந்த ஜோடனையின் சாயல் வாசலிலேயே தொடங்க வேண்டுமாம்.

அந்தம்மா ஊரில் என்னென்னவோ இலை இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த வெயிலுக்குப் பச்சையாக நின்றது, பொடக்காணியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம் இருந்த வேப்பமரம் ஒன்றுதான். கொத்துக் கொத்தாக ஒடித்துச் சரம் கட்டினேன். துணிக்கு, புது மஞ்சள் நிறப் பருத்திச் சேலை ஒன்றை எடுத்து மடித்து விரித்தேன். இரண்டு டஜன் எலுமிச்சம்பழம். கடலுக்கு எங்கே போவது? தாயம் விளையாடுகிற சோழியைக் கொட்டினேன். ஜாடி கிடைக்கவில்லை, புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி, வேப்பங்கொத்துச் செருகி, சாமந்தியை மிதக்கவிட்டேன். கண்ணாடி மட்டும் தோதாக அமையவில்லை. மிச்சமிருந்த வேப்பிலையை வாசல் நிலையில் இரண்டு பக்கமும் கட்டினேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் ஒன்றும் வெளிநாட்டில் பிறந்தவள் இல்லை. ராசிபுரத்தில் பிறந்து, வருஷா வருஷம் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தவள்தான். எட்டு வயதில் எனக்கே அம்மை போட்டு, வேப்பிலைமேல் படுத்துக் கிடந்திருக்கிறேன். அந்த மண்டையில் அன்றைக்கு அந்த வெள்ளைக்காரம்மா மட்டும்தான் குடியிருந்தது.

மாமியார் விடிந்ததிலிருந்து பொடக்காணிப் பந்தலில் சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கமே வரவில்லை. வந்தாலும் தெரியக்கூடாது என்று அடுப்புக்கு ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தேன். வேன் சத்தம் கேட்டதும் உருவி எல்லோரையும் வாயடைக்கச் செய்வதாகத் திட்டம். என் வீட்டுக்காரரிடம் மட்டும் காட்டினேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “நல்லாத்தான் இருக்குது” என்றார்.

இது போதாது என்று இன்னொரு சேவையும் செய்திருந்தேன். முந்தின நாள் கோகிலாவுக்கு நானே ஃபேசியல் போட்டுவிட்டேன். என்ன கிரீமோ, எவ்வளவு நேரம் விட்டேனோ, காலையில் அவள் முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

“அண்ணி, எரியுதுங்கண்ணி. எப்புடி வந்து நிக்கறது?”

“பவுடர் அப்பினா ஒண்ணும் தெரியாது. வா.”

வேன் வந்தது. போர்வையை உருவினேன். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வர, பின்னால் ஐந்து தட்டுகளோடு பத்துப் பன்னிரண்டு பேர். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் அந்தம்மா ஒரு நொடி நின்றார். சித்திரை மாசம், ஏதோ நோன்பு போல என்று சமாதானம் செய்துகொண்டாரோ என்னவோ, உள்ளே வந்துவிட்டார். வந்தவர் கண் நேராக அடுப்புக்குப் போனது. மஞ்சள் துணி, வேப்பிலை, எலுமிச்சம்பழம், சோழி, பானைத் தண்ணீர். பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. ஆஹா, வாயடைத்துவிட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

அந்த நேரம் பார்த்துக் கோகிலா காப்பித் தட்டோடு வந்தாள். பந்தல் பக்கமிருந்து வந்ததால் வேர்த்து, பவுடரெல்லாம் வழிந்து, முகத்தில் பொரிந்தது அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா, தாயே! கொழந்தையோட மூஞ்சியில முத்துப் போட்டிருக்கியே!” என்று விழுந்து கும்பிட்டார். எதை? என் வீட்டுக்காரருடைய ஃபயர்பிளேஸை. பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேரும் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் பானைத் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். பெண்ணுக்கென்று கொண்டுவந்த தட்டு ஐந்தையும், பூ, பழம், தேங்காய், சேலையோடு அடுப்புக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். அப்புறம் ஒருத்தரையொருத்தர் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியேறினார்கள்.

எங்கள் பக்கம் அம்மை போட்ட வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் “போயிட்டு வாரேன்” என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் ஆத்தாளையும் கூடவே அழைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம். மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிக் கோகிலாவைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கோகிலா காப்பித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தார். “ஏனுங்க, என்னங்க, காப்பித் தண்ணிகூடக் குடிக்காம…”

மாப்பிள்ளையின் அம்மா வேனில் ஏறியபடியே கையைக் காட்டினார். “நீங்க ஒண்ணும் பேசாதீங்க அக்கா. ஆத்தா குளுந்து எறங்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

மாமியார் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

“அடிப்பாவி! மாரியாத்தாளைக் கொண்டாந்து என்ற ஊட்டுக்குள்ள குடி வெச்சுட்டியேடி!”

“அலங்காரமுங்க அத்தை… வெயில் காலத்துக்கு…”

“வாயத் தொறந்தீன்னா பாரு!”

என் வீட்டுக்காரர், போன் போட்டு நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்றார். மாமியார் அவரையும் விடவில்லை. “என்னன்னு சொல்லுவ? எங்கூட்டு மருமக ஆத்தாளை வெச்சு அடுப்புக்குச் சோடிச்சு வெளையாடுனான்னா? அப்பறம் எவன் இந்த ஊட்டுல பொண்ணெடுப்பான்? அம்மைன்னா அம்மையாவே இருக்கட்டும்.”

ஆத்தாளே வந்தால்கூட இவ்வளவு கெடுபிடி இருந்திருக்காது. கோகிலாவுக்குத் தனி அறை, வேப்பிலைப் படுக்கை, கம்பங்கூழ், இளநீர். வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்கக்கூடாது. கறி, மீன் வாசலைத் தாண்டக்கூடாது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு ஒரு முட்டைக்கு வழியில்லை. என் வீட்டுக்காரர் தயிர்ச்சோற்றைப் பார்த்து விட்ட பெருமூச்சில் இரண்டு ஃபயர்பிளேஸ் எரிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் நுங்கும் தர்ப்பூசணியுமாகக் கொண்டுவந்து, அடுப்பைக் கும்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போனார்கள். எல்லோருக்கும் விபூதி கொடுக்கிற வேலை எனக்கு.

நான்காம் நாளே கோகிலாவின் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அவள் படுத்துத்தான் கிடந்தாள். மோகனூரிலிருந்து பேச்சு மூச்சில்லை. மாப்பிள்ளையிடமிருந்துகூட ஒரு போன் வரவில்லை. “அவங்க வருவாங்களாங்கண்ணி?” என்று கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படிக் கேட்டதும் எழுந்து கூடத்துக்கு வந்தேன். பொந்து முன்னால் போய் நின்று, “ஆத்தா, நான் மடச்சிதான், அதுக்கு இவளைத் தண்டிச்சுறாத” என்று நானும் கும்பிட்டேன். வெங்காயம் போட்டுவைத்த பொந்தைக் கும்பிட்டேன்.

அம்மை இறங்கினால் நாள் விட்டு மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த மூன்றாம் தண்ணீர் ஊற்றின மறுநாள் வேன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கும்போதே சிரித்த முகம்.

“நாங்க பேச்சு முடிக்க வந்த நேரத்துல ஆத்தாளே வந்து உக்காந்திருக்கறா பாருங்க. இதைவிட என்னங்க சகுனம் வேணும்? பத்து நாளும் எங்கூட்டுலயும் தாளிக்கலீங்க. இவனைப் போனே தொடக்கூடாதுன்னுட்டேன்” என்றார்.

உறுதி வார்த்தை அன்றைக்கே முடிந்தது. தட்டு மாற்றினது அடுப்புக்கு முன்னால்தான். கல்யாணத்துக்கு அப்புறம் கோகிலா புருஷனிடம் நிஜத்தைச் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தார் என்று கேள்வி. அவருடைய அம்மாவிடம் மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஆறு வருஷம் ஆயிற்று. சித்திரை பிறந்தால் அந்தம்மா மோகனூரிலிருந்து மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக வந்து இறங்கிவிடுவார். தன் கையாலேயே மேண்டிலை ஜோடிப்பார். என்னைப் பலகையைத் துடைக்க மட்டும் விடுவார். போன மாதம் ஜோடித்து முடித்துவிட்டு, நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நடுவுல ஒரு நெலைக்கண்ணாடி வெச்சா எடுப்பா இருக்குமுங்களா?” என்று என்னைக் கேட்டார். வெள்ளைக்காரம்மா வீடியோவின் கதை முழுக்கத் தெரிந்த மாமியார் சட்டென்று எழுந்து பொடக்காணிக்குப் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கோகிலா மாதம் ஒரு தடவையாவது வந்து போவாள். ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் நாலு தடவை “போயிட்டு வாரேனுங்க” சொல்லுகிறவள், எங்கள் வீட்டில் மட்டும் சொல்ல மாட்டாள். வாசலில் நின்று ஃபயர்பிளேஸைப் பார்த்து ஒரு கும்பிடு, என்னைப் பார்த்து ஒரு பார்வை, வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவாள். பின்னாலேயே அவள் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு ஏறும். நானும் “போயிட்டு வா” என்று சொல்வதில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?