பல் டாக்டர் அடித்த முளை

மூன்றாவது முளையும் வளைந்தபோது பல் டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தார். ஆறு அவரைக் கண்டுகொள்ளாமல் கூழாங்கற்களோடு பேசிக்கொண்டே போனது.

"ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்.

"கரையெல்லாம் கல்லு. முளை இறங்க மாட்டேங்குது."

"பிடுங்கித்தானே உங்களுக்குப் பழக்கம். நட்டுப் பழக்கம் ஏது?"

மகள் களுக்கென்று சிரித்தாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அது மனைவியின் தம்பி. காரின் சூடு ஆறுவதற்குள் கூடாரத்தை நிறுத்திவிட்டு, டீயும் போட்டு முடித்திருந்தான்.

மலைமேல் இருக்கும் இந்தத் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள். போன வருஷம் ஏரியில் இரண்டு துடுப்பையும் தண்ணீரில் விட்டவர் அவர். "இந்தத் தடவையும் கூத்து நடந்தா, அடுத்த வருஷத்துல இருந்து நானும் பொண்ணும் தம்பி குடும்பத்தோட போறோம். நீங்க கிளினிக்கைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காருங்க." விளையாட்டாகச் சொன்னதுதான். டாக்டருக்கோ அது சொத்தைப் பல்போல உள்ளே வலித்துக்கொண்டே இருந்தது.

"அத்தான், நான் வரட்டுமா?"

"வேண்டாம் மாப்பிள்ளை! மரம் இருக்கும்போது முளை எதுக்கு?"

தலைக்கு மேலிருந்த கிளையில் கயிற்றைக் கட்டி ஓங்கி இழுத்தார். கூடாரம் கம்பீரமாக எழுந்தது. கிளை பவ்வியமாகக் குனிந்தது. இலைகளுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று கழன்று, மச்சான் வாசலில் பொத்தென்று விழுந்தது.

"அப்பா, குளவி!"

டீயோடு வெளியே வந்த மச்சான் அப்படியே உள்ளே பாய்ந்தான். குளவிகளும் பின்னாலேயே போயின. அடுத்த கணம் மச்சான் கூடாரத்தையும் போர்த்திக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

டாக்டர் பதறவில்லை. "புகை போட்டா ஓடிடும்" என்று ஈர இலைகளை அள்ளினார். மறுபக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அத்தனை இலையையும் அதன்மேல் கொட்டினார்.

"யோவ், அது என் அடுப்பு!"

"ஒரு நிமிஷம் சார். பொதுநலம்."

குளவிகள் அந்த இடத்தை விட்டன. கரையில் வரிசையாக இருந்த மற்ற கூடாரங்களைப் பிடித்தன. புகையும் மேலே போகாமல் காற்றோடு கரை நெடுகப் படுத்துக்கொண்டது. எங்கும் இருமல். அணைத்துவிடலாமென்று டாக்டர் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். ஒன்றுக்கு இரண்டாகப் புகை கிளம்பியது.

இனி இங்கே இருக்க முடியாதென்று சனம் மொத்தமும் மேட்டில் இருந்த கார் நிறுத்துமிடத்துக்குக் கிளம்பியது. கூடாரங்கள் தலைமேல் போயின. தலைமையாசிரியர் பாதி வெந்த கிழங்கோடு முன்னால் நடந்தார். டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு கீழே ஓடினார், யார் யாருடைய பாத்திரத்தையோ, படுக்கையையோ சுமந்துகொண்டு ஏறினார், மறுபடியும் ஓடினார். கடைசியில் தலைமையாசிரியர் மனைவியின் மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்தபோது கரையில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

மேலே பஞ்சாயத்து தயாராக இருந்தது.

"இந்த ஆளைப் பூங்காவுக்குள்ளயே விடக் கூடாது. ரேஞ்சர் வரட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்றார் தலைமையாசிரியர். ஒரு கண் வீங்கி மூடிப்போன மச்சான் மற்ற கண்ணால் அதை ஆமோதித்தான்.

டாக்டர் தன் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

"அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேருமே போயிட்டு வாங்க" என்றார் மெதுவாக.

மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "போப்பா! நீ வரலைன்னா என்ன இருக்கு, வெறும் ஆறுதான் இருக்கும்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, துண்டை அவுத்துட்டு மூஞ்சியைக் கழுவுங்க. அடுப்புக்கரி மாதிரி இருக்கீங்க."

அப்போது ரேஞ்சரின் ஜீப் கிறீச்சென்று வந்து நின்றது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனார். "சார், ஒரு புகார்…"

ரேஞ்சர் காதில் வாங்கவில்லை. மேட்டின் விளிம்புக்கு ஓடி, காலியாகக் கிடந்த கரையைப் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தபடி ஜீப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"புகாரெல்லாம் அப்புறம் சொல்லுங்க, மேல மலையில மழை கொட்டித் தீர்த்து ஆத்துல வெள்ளம் இறங்கிட்டு இருக்கு, இத்தனை பேரை எப்படிக் கிளப்பப் போறோம்னு பதறி அடிச்சு வரேன், அதுக்குள்ள புகையைப் போட்டு ஒருத்தர் விடாம மேல ஏத்தி விட்ட அந்தப் புண்ணியவான் யாருங்க?"