மரகதகிரிக் கடவுளின் மேல் ஒரு புகார்ப் படிவம்

உலகில் இதுவரை எழுதப்பட்ட காவியங்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். எங்கள் மனிதவளத் துறை மேலாளர் திரு. ஆனந்தராஜ் எழுதியது ஒரு வகை. மீதி எல்லாம் இன்னொரு வகை. இதை நான் சொல்லவில்லை. எங்கள் தொழிற்சாலையின் சுற்றறிக்கை எண் 37 சொல்கிறது. அதைத் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் அதன் ஒவ்வொரு சொல்லையும் நான் நம்பியாக வேண்டும்.

தொழிற்சாலை ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது. வண்டிகளுக்கு பிரேக் செய்கிறோம். நான் டைம் ஆபீஸ் மணிவேல். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்று எண்ணுவது என் உத்தியோகம். பதினாறு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். கூடவே ‘மரகதகிரி வாசகர் வட்ட’த்தின் செயலாளர். இந்த இரண்டாவது பதவிக்கு நான் விண்ணப்பம் போடவில்லை, அது அருளப்பட்டது.

‘மரகதகிரி மகாயுத்தம்’ முதல் பாகம் 712 பக்கம். ஏழு கடவுள்கள், பதினெட்டு மந்திரவாதிகள், மூன்று பிரளயங்கள். எடை ஒன்று புள்ளி நான்கு எட்டு கிலோ. தர ஆய்வுப் பிரிவில் வைத்துப் பார்த்துச் சான்றிதழே வாங்கியிருக்கிறோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் வாசகர் வட்டம் கூடும். டீயும் மிக்சரும் உண்டு. யாரையும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. வராதவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொள்வோம். வாசகர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுவது செயலாளரின் கடமை. “இரண்டாம் பாகம் எப்போது வரும் ஐயா, இருப்புக்கொள்ளவில்லை” என்ற கேள்வி வழக்கமாக பிரஸ் ஷாப் தொழிலாளிகளுக்குப் போகும். புத்தகத்தை யாரும் படித்ததில்லை. இதை வட்டத்தின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. வட்டமே அதன் மேல்தான் நின்றது.

அதில் முதல் விரிசலை உண்டாக்கியவர் மாதேஸ்வரி. பாகலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. பாதுகாப்பு வாரத்தில் வாசகம் எழுதி முதல் பரிசாக இந்தப் புத்தகத்தை வாங்கினார். இரண்டாம் பரிசு ஸ்டீல் டிபன் கேரியர். அதை வாங்கியவர் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாதேஸ்வரி செய்த தவறு ஒன்றுதான். படித்துவிட்டார். போகிற பஸ்ஸில் பதினைந்து பக்கம், வருகிற பஸ்ஸில் பதினைந்து பக்கம் என்று ஒரு மாதம் கடக்கும் முன்னே முடித்துவிட்டார். இதற்கு முன் கதைப் புத்தகம் எதையும் தொட்டதில்லையாம். கடவுளும் மந்திரமும் வருகிற கதையை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் நிஜமாக நடந்ததைப் படிப்பது போல் படித்திருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் நான் கொடுத்த சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தமாகக் கேட்க ஆரம்பித்தார். செத்த யானையை ஊதியே எழுப்புகிற மந்திரவாதி, இளவரசனின் ஜலதோஷத்தோடு மூன்று அத்தியாயம் மல்லுக்கட்டுவானேன் என்றார். நாற்பதாயிரம் படைவீரர்கள் ஒரே பத்தியில் சாகிறார்களே, ஏழு கடவுளில் ஒருவருக்குக்கூட அன்றைக்கு வந்து எட்டிப்பார்க்க முடியவில்லையா என்றார். பிறகு மந்திரத்தைப் பற்றி ஒன்று கேட்டார்.

“எங்கூரு மாரியம்மாகிட்ட தமிழ்ல கேட்டாலும் ஆவுது, கன்னடத்துல கேட்டாலும் ஆவுது. எங்க மாமியா தெலுங்குல திட்டுனாக்கூட கேட்டுக்குதுங்க சார். உங்க சாமி ஒரு எழுத்து மாத்திச் சொன்னா ஆளையே கல்லாக்கிடுது. அதுக்கு என்னாத்துக்குங்க அவ்ளோ கோவம்?”

நான் மேலாளரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. எழுதி இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார். உள்ளபடியே எனக்கும் அந்த நேரம் அவர் மேல் பாசம் வந்தது.

பாசம் வந்தாலும் அவர் மேலாளர் அல்லவா. கேள்விகள் அனைத்தும் ‘வாடிக்கையாளர் புகார்’ என்று பதிவு செய்யப்பட்டு, முறைப்படி தீர்க்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரு உதிரிபாகம் பழுது என்று திரும்பி வந்தால் ‘ஏன்-ஏன் படிவம்’ ஒன்றை நிரப்புவோம். ஏன் பழுது என்று கேட்க வேண்டும். வந்த பதிலைப் பார்த்து அது ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து முறை. ஐந்தாவது பதில்தான் மூல காரணம். அதன் கீழே திருத்த நடவடிக்கையை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் அது அன்று முதல் அமல். ஒரு பிரதி புகார் கொடுத்தவருக்கு.

நாற்பதாயிரம் வீரர்களின் சாவை இந்த முறையில் ஆராய்ந்தோம். ஏன் செத்தார்கள்? கடவுள் ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை? ஏழு பேரும் ஒரு கல்யாண விருந்தில் இருந்தார்கள். இப்படியே போய் ஐந்தாவது ‘ஏன்’னில் மூல காரணம் அகப்பட்டது: அத்தனை பேருக்கும் பெயர் வைக்க ஆசிரியருக்கு நேரமில்லை. திருத்த நடவடிக்கையாக அடுத்த பதிப்பில் வீரர்கள் நானூறு பேராகக் குறைக்கப்படுவார்கள். முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு உயிர்களை ஒரே கையெழுத்தில் காப்பாற்றிய அதிகாரியை இந்தியாவில் வேறெங்கும் பார்க்க முடியாது.

மறு மாதக் கூட்டத்தில்தான் மாதேஸ்வரி தவத்தைப் பற்றிக் கேட்டார்.

மரகதகிரியின் அடிவாரத்தில் ஒற்றைக்காலில் 480 நாள் நிற்பவருக்கு அந்த மலையின் கடவுள் வரம் கொடுத்தே தீர வேண்டும். மறுக்க அவருக்கே அதிகாரம் கிடையாது. கதையில் இருபத்து மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவரும் முடித்த பாடில்லை. ஒருவருக்கு 471ஆம் நாள் ஆலங்கட்டி மழை. இன்னொருவருக்கு 474ஆம் நாள் குளவி. மற்றொருவருக்கு 476ஆம் நாள் ஒரு நடன மங்கை. தவம் கலைந்தால் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து நிற்க வேண்டும்.

480 என்ற எண் தியானத்தில் உதித்ததாக மேலாளர் முன்னுரையில் எழுதியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். மாதம் ஒருமுறை என் மேசையிலிருந்து அவர் மேசைக்கு ஒரு பட்டியல் போகும்; அதைப் பார்த்தபடிதான் அவர் தியானம் செய்வார். இரண்டு வருடத்துக்குள் 480 நாள் வேலை செய்துவிட்ட தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அந்த எண்ணை நெருங்குகிறவர்களின் பட்டியல் அது. பட்டியலில் பெயர் வந்தவரிடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நாற்பது நாள் வீட்டில் இருக்கச் சொல்வோம். பிறகு வேறு ஒப்பந்ததாரர் பெயரில், புது எண்ணோடு, அதே இடத்தில் அதே வேலை. புது எண்ணில் பழைய நாட்கள் ஒட்டாது. முன்பே சொன்னேனே, பிரேக் செய்வதுதான் எங்கள் தொழில். ஆட்களுக்கும் கொடுப்போம்.

மாதேஸ்வரி முதல் தடவை 468 நாள் வேலை செய்தார். அடுத்த தடவை 474. இது மூன்றாவது சுற்று. அந்தச் சனிக்கிழமை அவருக்கு 463ஆம் நாள். எனக்குத் தெரியும், நான்தான் எண்ணுகிறேன். அவருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஓசூரில் வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் சாதியை விசாரித்து முடித்ததும் “பர்மனென்டா, கான்ட்ராக்டா” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் மாதேஸ்வரி தினமும் விடிவதற்கு முன் எழுந்து, தூங்குகிற மகளைப் பாகலூரில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்.

“சாமிக்கு வரம் தர்ற சக்தி இருக்குதுங்க. நிக்கறவங்களுக்கு நிக்கற தெம்பு இருக்குது. அப்பறம் குளவிய யாருங்க சார் அனுப்பறது?” என்றார்.

“கடவுளேதாம்மா அனுப்பறாரு. அது அவரோட லீலை” என்று மேலாளர் உற்சாகமாகச் சொன்னார். “வரம் கெடைச்சுட்டா நாளைக்கு அவன் மலைக்கு வருவானா?”

“வருவாங்க சார். வராம எங்க போவாங்க?”

மேலாளர் தாடையைத் தடவினார். இப்படி ஒரு கோணம் அவருக்குத் தோன்றியதே இல்லையாம். அடுத்து, நாளை எண்ணுவது யார் என்று மாதேஸ்வரி கேட்டார். சித்திரகணன் என்று ஒரு குட்டித் தேவன், பக்கம் 212, நானூற்று எழுபது நெருங்கினால் மேலே போய்ச் சொல்லிவிடுவான் என்றார் மேலாளர்.

“அவரு சொல்லாம இருந்தாருன்னா என்னா ஆவும்?”

கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து மிக்சரில் கடலை பொறுக்கினேன்.

மேலாளர் அன்றே படிவத்தை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படிவம் அலுவலக நடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ‘கடவுள்’, ‘குளவி’, ‘வரம்’ போன்ற சொற்களை அலுவலக நடை ஏற்பதில்லை. ஆகவே அது இப்படி அமைந்தது:

1. ஏன் ஒருவராலும் 480 நாள் முடிக்க இயலவில்லை? நெருங்கும்போது இடையூறு வருகிறது.
2. ஏன் வருகிறது? மேலிடத்திலிருந்து அனுப்பப்படுகிறது.
3. ஏன் அனுப்பப்படுகிறது? முடித்துவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.
4. ஏன் கொடுக்கக் கூடாது? ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்.
5. ஏன் எல்லோரும் கேட்கக் கூடாது?

ஐந்தாவதில் மேலாளர் வெகுநேரம் யோசித்தார். டீ ஆறிப்போயிற்று. கடைசியில், “காரணம் தெரியவில்லைன்னு எழுதுப்பா” என்றார். எழுதினேன். திருத்த நடவடிக்கை: இம்முறை ஒருவர் முடிக்கட்டும்; 480 நாள் முடியும் வரை யாரும் குறுக்கிடக் கூடாது. புகார் கொடுத்தவர் பெயர், பணியாளர் எண், பிரிவு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, நிரப்பினேன். நாவலின் பெயரை எழுதக் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை உண்டாக்க எனக்கு அதிகாரமில்லை. மேலாளர் உணர்ச்சிப் பெருக்கில் கையெழுத்துப் போட்டார். தவம் நிறைவேறும் அந்த மகத்தான அத்தியாயத்தை எழுதுவதற்காகத் திங்கட்கிழமை முதல் மூன்று வாரம் விடுப்பில் ஏற்காட்டுக்குப் போனார். நான் முத்திரை வைத்து, வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

471ஆம் நாள் காலை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் நல்லுசாமி, மாதேஸ்வரியின் அட்டையை வாங்கிப்போக வந்தார். மாதேஸ்வரி பலகையைக் காட்டினார். நல்லுசாமி அதை இரண்டு தடவை படித்தார். முத்திரையோடு வாதாடுகிற ஆள் இல்லை அவர். “மேலருந்தே வந்துடுச்சா? அப்ப செரிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலாளர் அத்தியாயத்தோடு திரும்பி வந்த திங்கட்கிழமை மாதேஸ்வரிக்கு 482ஆம் நாள். மேசையில் என் பட்டியல் இருந்தது. அதன் மேல், தன்னை நிரந்தரம் செய்யக் கேட்டு மாதேஸ்வரி கொடுத்த மனு. மனுவோடு படிவத்தின் நகல். இன்னொரு நகல் தொழிலாளர் துறை அதிகாரிக்குப் போயிருந்தது. மேலாளர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

“இது கதைம்மா” என்றார்.

“ரெண்டு தடவ அட்டைய வாங்கினு ஊட்டுக்கு அனுப்புனீங்களே, அது எந்தப் பாகத்துலங்க சார் வருது?” என்றார் மாதேஸ்வரி.

தொழிலாளர் துறையிலிருந்து பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. படிவம் ஒரு கற்பனை நாவலைப் பற்றியது என்று நிரூபிப்பதற்காக மேலாளர் புத்தகத்தையே கொண்டுபோனார். தூக்கிவந்தது நான். நாற்பது இடங்களில் அடையாளச் சீட்டு வைத்திருந்தார். முதல் சீட்டு, ஒரு குதிரை மனிதக் குரலில் அறிவுரை சொல்லும் பக்கம். அதைப் படித்த பிறகு இதை நிஜம் என்று எவரும் நினைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதிகாரி சீட்டு வைத்த பக்கங்கள் அத்தனையும் பொறுமையாகப் படித்தார். பிறகு படிவத்தைப் படித்தார். மாதேஸ்வரியின் பழைய எண்கள் இரண்டையும் இப்போதைய எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னிடம் நாட்களைக் கேட்டார். சொன்னேன். ஒரு நாள்கூடப் பிசகாமல் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் நிர்வாகம் மாதேஸ்வரியை நிரந்தரமாக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது.

கிளம்பும்போது அதிகாரி புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து மேலாளரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். அந்தக் குதிரை பேசறத எடுத்துட்டீங்கன்னா, மீதி எல்லாமே நடந்தது.”

மேலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். பதினாறு வருடம் அந்தக் காவியத்துக்கு நாள் எண்ணிக் கொடுத்தவன் நான். பாராட்டில் சரிபாதி எனக்குச் சேர வேண்டும்.