பேசும் விரலுக்கு ஒரு கண் சோதனை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். நிற்பவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பெற்றவர்கள். பேச்சே வராத பிள்ளை, வந்த பேச்சு போய்விட்ட பிள்ளை, தெரிந்த நாலு சொல்லையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை. கூடத்தின் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி வைத்திருப்பார்கள். "உங்கள் பிள்ளை பேசவில்லை என்று யார் சொன்னது? நீங்கள்தான் கேட்கவில்லை." சாமர்த்தியத்தைப் பாருங்கள். குற்றம் பிள்ளை மேலும் இல்லை, கடை விரித்தவர் மேலும் இல்லை. வரிசையில் கால் கடுக்க நிற்கிற நம் மேல்.

உள்ளே இருப்பவருக்கு விரல்வாக்கு ஐயா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறாக இருக்கும். அதை யாரும் விசாரித்ததில்லை. வெள்ளைச் சட்டை, தேன் தடவிய குரல். முன்னால் மேசை அகலத்துக்கு ஒரு பலகை. அதில் தமிழின் இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளும் கட்டம் கட்டமாக இருக்கும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பூப்போலப் பிடிப்பார். உடனே பிள்ளையின் ஆள்காட்டி விரல் பலகையின் மேல் தாவித் தாவி எழுத்துகளைத் தொடும். கையில் மைக்குடன் ஒரு பெண் அதைக் கூட்டிப் படிப்பாள். "அம்மா, நான் உள்ளேதான் இருக்கிறேன்." கூடமே மூக்கைச் சிந்தும்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா," என்பார் ஐயா. "நான் வெறும் கம்பி. கரண்ட் உங்க பிள்ளையோடது. நான் பலகையைப் பாக்குறதுகூட இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

கூட்டத்தில் பெரிய இளித்தவாயன் யார் என்று தேட வேண்டாம், நான்தான். எனக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. லிப்ட் தானாக மேலே போகிறது என்று குழந்தை சொல்லலாம், நான் சொல்லக்கூடாது. மொட்டைமாடி அறையில் மோட்டார் ஓடுகிறது, வடம் இழுக்கிறது, எதிர்ப்பக்கம் எடை இறங்குகிறது. பெட்டி அசைந்தால் இழுப்பது எது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்ட நான், பிடித்த கையைக் கவனிக்காமல், பிடிபட்ட விரல் தானாக அசைகிறது என்று நம்பினேன்.

காரணம் என் மகன். ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் மருத்துவர் சொன்னார். வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். துரைமார் எதையும் தம் கையால் எடுப்பதில்லை அல்லவா? தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாயின் மேல் வைப்பான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சட்டைக் கழுத்தில் கம்பெனிப் பெயர் தைத்த துணுக்கு உறுத்தினால் சட்டையே வேண்டாம். புதுத்துணி வந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை கத்தரிக்கோலுக்கு. பால் நீல டம்ளரில்தான் இறங்கும். வாசலில் செருப்புகளை ஒரே கோட்டில் அடுக்குவான். வந்தவர் ஒரு செருப்பை நகர்த்திவிட்டால் வீடு ரெண்டுபடும். அவன் மணிக்கணக்கில் பார்ப்பது ஒன்றைத்தான். சுற்றுகிற மின்விசிறி.

பேச்சு மட்டும் இல்லை. வாரம் மூன்று நாள் பயிற்சி வகுப்பு. அங்கே டீச்சர் ஒரு வளையத்தில் கோத்த படச்சீட்டுகள் கொடுத்திருந்தார். டம்ளர் படத்தை எடுத்து நம் கையில் வைத்தால் தண்ணீர். ஊஞ்சல் படம் வைத்தால் ஊஞ்சல். விரித்த உள்ளங்கைப் படம் வைத்தால் "போதும்". எட்டு மாதத்தில் துரை நான்கு சீட்டுகள் பழகியிருந்தான். எட்டு மாதத்துக்கு நாலே நாலு. நான் சலித்துப் போயிருந்தேன். நம் சலிப்புத்தான் ஐயாமார்களுக்குக் கைமுதல்.

முதல் நாள் ஐயா அவன் கையைப் பிடித்ததும் பலகையில் வந்தது: "அப்பா, உங்கள் தியாகத்தை என் ஞானம் அறியும்." நான் தேம்பித் தேம்பி அழுதேன். வாய் திறந்து தண்ணீர் கேட்காதவன் எடுத்த எடுப்பில் மேடைப் பேச்சாளன் ஆகிவிட்டானே, அது எப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு முன்னால் போன மூன்று பிள்ளைகளுக்கும் அதே தியாகம், அதே ஞானம் வந்ததும் உறைக்கவில்லை.

என் மனைவி அழவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அவன் பலகையைப் பாக்கவே இல்லங்க."

"என்ன சொல்ற?"

"ஃபேனையே பாத்துட்டிருந்தான். நான் அவன் கண்ணைத்தான் பாத்தேன். என் கடைக்கு வர்றவங்க கண்ணை விரிச்சு வெச்சுக்கிட்டே நாலாவது வரி தெரியலங்கிறாங்க. இவன் விட்டத்தைப் பாத்துக்கிட்டு, இருநூறு கட்டத்துல 'ஞா' எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டானா? நீங்க கண்டுபிடிப்பீங்களா?"

"உனக்கு எதுலயும் சந்தேகம்."

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்றாள். அந்தச் சொல் என்னைக் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை.

இரண்டாவது வாரம் பலகை வாய் திறந்தது: "படச்சீட்டு என் ஞானத்துக்கு அவமானம். வகுப்பு வேண்டாம்." விசித்திரம் பாருங்கள், அந்த வாரம் வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் வகுப்பு கசந்துவிட்டது. எல்லாருக்கும் ஐயா விற்கிற செம்புக் காப்பு இனித்துவிட்டது. நான் வகுப்பை நிறுத்தினேன். சீட்டு வளையத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அன்று சாயங்காலம் துரை என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த இழுப்பறைப் பிடியில் வைத்தான். "உன் ஞானமே பேசுதே, சீட்டு எதுக்குடா?" என்று கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தேன். பிறகு அவன் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு அழுதான். அந்தப் பல் தடத்துக்கு நான்தான் காரணம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம், வாசலில் பெயர் பதிகிற பெண்ணிடம் என் மனைவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இவன் ஆசையா வளர்த்த பூனை செத்துப்போச்சுங்க. அதுலேர்ந்து ஒரே அழுகை." அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். அரை மணி நேரத்தில் பலகை உருகியது: "என் அருமைப் பூனையே, மேலுலகில் சந்திப்போம்." கூடம் கண்ணைத் துடைத்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "நம்ம வீட்டுல பூனை ஏதுங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போன பிறவிப் பூனையா இருக்கும்." ஏமாற்றுகிறவர்கூட அவ்வளவு சீக்கிரம் சமாளித்திருக்க மாட்டார். அவருக்காக நான் சமாளித்தேன், அதுவும் இலவசமாக.

அதற்கு மேல் பேச அவளுக்கு வாய்ப்பில்லை. அன்றைக்குப் பூனைக்குப் பின்னால் இன்னொரு வாக்கும் வந்திருந்தது. "மூன்று மாதம் ஐயாவின் இல்லத்தில் தங்குவேன். பெற்றோர் முகம் பார்த்தால் என் வாக்கு கெடும்." அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

"நீல டம்ளரை வெச்சுட்டீங்களா?" என்றாள்.

"வெச்சுட்டேன்."

"துணுக்கு வெட்டணும்னு அங்க யாருக்குத் தெரியும்? மிக்ஸி ஓடினா எந்தக் கட்டிலுக்கு அடியில போவான்? பயந்தா யார் கையைப் பிடிச்சு இழுப்பான்? போதும்னு எப்படிச் சொல்லுவான்?"

நான் சட்டைகளை மடித்தேன்.

"சரி. சனிக்கிழமை அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அவர் ஜெயிச்சா நானே பெட்டியைத் தூக்கிட்டு வர்றேன். தோத்தா பெட்டி பரணுக்குப் போகணும். சம்மதமா?"

சம்மதித்தேன். ஐயா ஜெயிப்பார் என்றுதான் சம்மதித்தேன்.

சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. எங்கள் முறை வந்ததும் அவள் கைப்பையிலிருந்து கடைச் சாமான் ஒன்றை எடுத்தாள். பவர் பார்க்க மூக்கில் மாட்டுவார்களே, அந்த வட்டக் கண்ணாடிச் சட்டம். ஒரு கண்ணை மறைக்க ஒரு கறுப்பு மூடி போடுவார்கள். அவள் இரண்டு பக்கமும் போட்டிருந்தாள்.

"ஐயா, மூணு மாசம் பிள்ளையை விட்டுட்டுப் போகப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு ஆசை. இதை மாட்டிக்கிட்டு அவன் கையைப் பிடிங்க. 'அம்மா'ன்னு ஒரே ஒரு சொல் எழுதட்டும்."

ஐயா சிரித்தார். "ஞானத்தைச் சோதிக்கக்கூடாது, தாயே."

"ஞானம் அவனோடதுங்க. அவன் கண்ணை நான் மூடல. கண்ணாடி உங்களுக்குத்தான். நீங்க பலகையைப் பாக்குறதே இல்லேன்னு சொல்றீங்களே."

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். தன் பக்தர்கள் கைகொடுப்பார்கள் என்று நினைத்தார். கொடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "மாட்டிக்கங்க ஐயா. சந்தேகப்படுறவங்க வாயை ஒரேயடியா அடைச்சிடுங்க," என்றார். கூடம் கைதட்டியது. அவரை அன்றைக்குக் கவிழ்த்தது என் மனைவி மட்டும் இல்லை. அவர் வளர்த்த நம்பிக்கையும்தான்.

கண்ணாடி ஏறியது. ஐயா மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய சுண்டுவிரல் மெல்லப் பலகையின் ஓரத்தைத் தடவி மூலையைத் தேடியது. 'அ' இருக்கும் மூலை. அவர் அந்த விரலை எடுத்ததும் மனைவி சத்தமில்லாமல் பலகையை அரைவட்டம் திருப்பி வைத்தாள். பிள்ளைக்கு அது தெரியும், கூடத்துக்குத் தெரியும், கம்பிக்கு மட்டும் தெரியாது.

விரல் தாவியது. மைக் பெண் வழக்கம்போலப் படிக்கத் தொடங்கினாள். "னௌ... னூ... றை..." நின்றாள். விரல் பலகையைத் தாண்டி மேசைத் துணியில் இரண்டு எழுத்து எழுதியது. அவள் பதறிப்போய் ஐயாவின் பக்கம் குனிந்து, கையில் மைக் இருப்பதை மறந்து, கிசுகிசுத்தாள்.

"பலகை திரும்பியிருக்கு ஐயா. கீழே... இன்னும் வலது பக்கம்..."

நான்கு மூலை ஒலிபெருக்கியும் அதை அட்சரம் பிசகாமல் சொல்லின. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசைப் பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார்.

துரை இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவன் கையை உருவிக்கொண்டு இறங்கினான். நேரே அம்மாவின் கைப்பைக்குப் போய் அதற்குள் கையை விட்டான். சீட்டு வளையம் வெளியே வந்தது. இழுப்பறைக்கு இன்னொரு சாவி அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தள்ளி, உள்ளங்கைப் படத்தைத் தேடி எடுத்து, திரும்பி வந்து, ஐயாவின் விரித்த கையில் வைத்து அழுத்தினான்.

போதும்.

"என்னது இது? யார் குடுத்தது?" என்றார் ஐயா. தடவிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். நூறு பிள்ளைகளைப் பேச வைத்தவரிடம் ஒரு பிள்ளை நிஜமாகவே பேசியது. அவருக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. மோட்டார் எங்கே இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குனிந்து சீட்டைப் பொறுக்கினேன். துரை அதை வாங்கி மறுபடியும் என் கையில் வைத்தான். அவனைத் தூக்கிக்கொண்டேன்.

ஐயா கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து, "கெட்ட அதிர்வு நுழைஞ்சிடுச்சு," என்றார். அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் மேசையை நோக்கி நடந்தார்கள். ஐயா பின்வாசலை நோக்கி நடந்தார். இரண்டில் பின்வாசல் நடைதான் வேகமாக இருந்தது.

கூச்சலுக்கு நடுவே ஓர் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் எட்டு வயதுப் பெண். "அப்ப என் பொண்ணு 'அம்மா'ன்னு சொன்னது?"

மனைவி மெல்லச் சொன்னாள். "அது அவர் சொன்னதுங்க. உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன பண்ணுவா?"

"பக்கத்துல வந்து என் தலைமுடியை மோந்து பாப்பா. அவ்வளவுதான்."

"அதுதாங்க அவ சொல்றது."

அந்தப் பெண் எட்டித் தன் அம்மாவின் பின்னலை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டது. விரல்வாக்கு ஐயா செய்த கொள்ளையில் எனக்குப் பொறுக்காதது இதுதான். கண்ணெதிரே பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஊமை என்று நம்ப வைத்து, பிறகு அவர்கள் பேச்சை நமக்கே விற்றார்.

பெட்டி பரணுக்குப் போனது. திங்கட்கிழமை வகுப்பு வாசலில் தலைகுனிந்து நின்றேன். டீச்சர், "வாங்க, அஞ்சாவது சீட்டு ஆரம்பிக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

ஐயா இப்போது வேறு ஊரில், வேறு கூடத்தில் இருக்கிறாராம். தட்டியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறதாம்: "மூக்குக் கண்ணாடிகளுக்கு அனுமதி இல்லை." அங்கேயும் காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டுகிறதாம். அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு, நின்று கெட்டவன் சொல்கிறேன். யாராவது உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினால், காசை எடுப்பதற்கு முன் அந்த ஆளின் கண்ணை ஒரு நிமிடம் மூடிப் பாருங்கள். உங்கள் கண் திறக்க அந்த ஒரு நிமிடம் போதும்.